8.1 எடுத்தால் முதலிடம், 9.9 எடுத்தால் பதினான்காம் இடம்: எந்தப் புள்ளியை நம்புவது?

கேள்வி: மகளுக்கு 11 வயது, தரம் 6 படிக்கிறாள். பாடசாலையில் உடற்கல்வி டீச்சர்தான் ஜிம்னாஸ்டிக் பழக்குகிறார். இந்த வருடம் மூன்று போட்டிகளுக்குப் போனாள். வலயப் போட்டியில் புளோரில் (தரை ஆட்டத்தில்) 8.1 எடுத்து முதலிடம். கொழும்பில் ஒரு கழகம் நடத்திய அழைப்புப் போட்டியில் அதே ஆட்டத்துக்கு 9.9 கிடைத்தது, ஆனால் பதினான்காம் இடம். கண்டியில் நடந்த சிறுவர் ஜிம்னாஸ்டிக் விழாவில் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவளோடு இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கும் தங்கம். வீட்டில் எல்லோரும் குழம்பிப் போயிருக்கிறோம். "அப்போ நான் நல்லா செய்றேனா, இல்லையா?" என்று மகள் கேட்கிறாள். அடுத்த வருடம் எந்தப் போட்டிக்கு அனுப்புவது? கொழும்புக்குப் போய்வரக் கடன் வாங்க வேண்டி வந்தது. கால் மூடாத அந்த ஜிம்னாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆடுவதில் அவளது அப்பாவுக்கும் சம்மதம் இல்லை. (ஒரு தாய், கொட்டகலை)

பதில் தருபவர்: ஜிம்னாஸ்டிக் பயிற்றுவிப்பாளர், நடுவர், கண்டி.

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 8.1, 9.9 இரண்டும் ஒரே ஆட்டத்துக்கே வரக்கூடிய புள்ளிகள். அவளது ஆட்டத்தை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால், அவள் வலயத்தில் செய்ததைத்தான் கொழும்பிலும் செய்திருக்கிறாள் போலத் தெரிகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். இந்தக் கணக்குப் பிடிபட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஜிம்னாஸ்டிக்கில் புள்ளி போடும் முறைகள் இரண்டு. பழைய முறையில் உச்சம் 10. எல்லாப் பிள்ளைகளும் 10-இல் தொடங்குவார்கள், ஒவ்வொரு பிழைக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். முழங்கால் மடங்கினால், பாதம் நீளாமல் இருந்தால், இறங்கும்போது ஓர் அடி நகர்ந்தால், பிழையின் அளவைப் பொறுத்து 0.1, 0.3, 0.5 என்று போகும். விழுந்தால் பெரிய கழிவு. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்களே, அப்படித்தான். 1976-இல் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனெச்சி எடுத்த 10 இந்த முறையில் வந்தது. அப்போது புள்ளிப் பலகையில் நான்கு இலக்கம் காட்ட வசதி இருக்கவில்லை, அதனால் 1.00 என்றுதான் தெரிந்தது.

புதிய முறை 2006-இல் வந்தது. இதில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். ஒன்று, பிள்ளை என்னென்ன திறன்களைச் செய்தது, அவை எவ்வளவு கடினமானவை என்பதற்கான புள்ளி. மாஸ்டர்மார் இதை டி ஸ்கோர் என்பார்கள். இதற்கு உச்சம் கிடையாது. மற்றது, செய்ததை எவ்வளவு சுத்தமாகச் செய்தது என்பதற்கான புள்ளி, அதாவது ஈ ஸ்கோர். இது 10-இல் தொடங்கிக் கழிந்துகொண்டு வரும். இரண்டையும் கூட்டினால்தான் அறிவிக்கப்படும் புள்ளி.

இப்போது மகளின் ஆட்டத்துக்கு வருவோம். பிழைகளுக்காக மொத்தம் 1.9 கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 10-இல் 1.9 போனால் 8.1. வலயத்தில் கிடைத்தது இதுதான். கொழும்பில் ஈ ஸ்கோர் அதே 8.1. அதோடு டி ஸ்கோர் சேரும். மிக எளிய நிலைத் திறன் ஒன்றுக்கு 0.1. அப்படி எட்டுத் திறன் செய்தால் 0.8. போட்டி கேட்கும் தேவைகள் என்று சில இருக்கும். சர்வதேச விதியில் பெண்களுக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0.5. இளையோர் போட்டிகளில் ஏற்பாட்டாளர்கள் இவற்றை எளிமையாக்கிக் கொடுப்பதுண்டு. அவற்றில் இரண்டை நிறைவு செய்தால் 1.0. ஆக டி ஸ்கோர் 1.8, ஈ ஸ்கோர் 8.1, கூட்டினால் 9.9.

அப்படியானால் ஏன் பதினான்காம் இடம்? முன்னால் நின்ற பிள்ளைகள் டி ஸ்கோரில் முன்னால் நின்றிருப்பார்கள். 2.8 டி ஸ்கோர் கொண்ட பிள்ளை, உங்கள் மகளைவிட அதிகம் பிழை விட்டு 7.6 ஈ ஸ்கோர் எடுத்தாலும் 10.4-க்கு வந்துவிடும். அதனால் அடுத்தமுறை பெறுபேற்றுத் தாளில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். டி தனியாக, ஈ தனியாக எழுதியிருக்கும். ஈ ஸ்கோரை மட்டும் வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். மகள் எட்டாவதாகவோ ஆறாவதாகவோ நிற்கக்கூடும். அப்படி நின்றால் அவளது அடிப்படை நல்ல அடிப்படை, டீச்சர் நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று அர்த்தம். கஷ்டமான திறன்களைப் பிறகு சேர்க்கலாம். மடங்கிய முழங்காலோடு பழகிய பிள்ளையைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை.

டி ஸ்கோருக்கு உச்சம் இல்லை என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. புள்ளி கூட வேண்டும் என்று, பிள்ளை இன்னும் பிடிக்காத திறனை ஆட்டத்தில் புகுத்திவிடுவார்கள். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் வோல்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றிப் பாய்வதில்) 15.066 எடுத்து நான்காம் இடம் வந்தார். வெண்கலம் 15.216-க்குப் போனது. அவர் பாய்ந்த புரொடுனோவா, உலகத்தில் மிகச் சிலரே துணிந்து செய்யும் வோல்ட். அவர் அப்போது வளர்ந்த வீராங்கனை, வருடக்கணக்கான பயிற்சியோடு அதைச் செய்தார். 11 வயதுப் பிள்ளையிடம் "கொழும்புப் பிள்ளைகள் எல்லாம் பின்பக்கமாகக் கரணம் போடுறாங்க, நீயும் போடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இதை நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, புள்ளி முறைக்கு அடுத்தபடியாகப் போட்டிக்குப் போட்டி மாறுவது, பிள்ளைகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மலையகப் பிள்ளைகளுக்கு அநியாயமாக முடிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் நாட்டில் பெரும்பாலும் வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். வயது சமம் என்றால் போட்டியும் சமம் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஜிம்னாஸ்டிக்கில் அது அப்படி இல்லை. ஐந்து வயதிலேயே கழகத்தில் சேர்ந்து, கிழமையில் நான்கைந்து நாள் ஸ்பிரிங் தளத்தில் பழகிய 11 வயதுப் பிள்ளையும், தரம் 5 புலமைப்பரிசில் முடிந்த பிறகு பாடசாலை மண்டபத்தில் மெத்தை விரித்துப் பழகத் தொடங்கிய 11 வயதுப் பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். வயது ஒன்று, பயிற்சியில் ஐந்து வருட இடைவெளி. உங்கள் மகள் பதினான்காவதாக வந்ததில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு இருக்கும்.

வேறு நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெண்பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை படிகள் உண்டு. எந்தப் படியில் இருக்கிறாளோ அந்தப் படியில் உள்ளவர்களோடுதான் போட்டி. அதற்குள்தான் வயதுப் பிரிவு வரும். முதல் ஐந்து படிகளில் எல்லோருக்கும் ஒரே ஆட்டம். பிந்தித் தொடங்கிய பிள்ளை கீழ்ப் படியில் நிம்மதியாக நின்று கற்றுக்கொள்ளலாம். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமும் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற கட்டாய ஆட்டங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. நமது மாகாணத்தில் படி வாரியான ஒரு போட்டியாவது வருடந்தோறும் நடக்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் கேட்டு வருகிறேன், இனியும் கேட்பேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கைகால் வாகும் துணிவும் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை முதல் வருடத்திலேயே தலைநகரக் கழகப் பிள்ளைகளோடு நிறுத்தி, "உனக்கு வராது" என்று ஒரு எண்ணால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். மறுவருடம் அந்தப் பிள்ளை திரும்பி வருவதில்லை.

கட்டாய ஆட்டம் என்று சொன்னேன். அதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஒரே அசைவுகளைச் செய்ய வேண்டும். புளோரில் இசையும் ஒன்றே. ஒரு அசைவை விட்டுவிட்டால் அதற்குரிய மதிப்பு முழுவதும் போகும். சுய ஆட்டத்தில் பயிற்றுவிப்பாளரே ஆட்டத்தை அமைப்பார், பிள்ளையின் பலத்துக்கு ஏற்ப. மகளின் நிலையில் உள்ள பிள்ளைக்குக் கட்டாய ஆட்டம்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். யார் சுத்தமாகச் செய்தார் என்பது மட்டும்தான் அங்கே தீர்மானிக்கும். ஆட்டம் அமைத்துக் கொடுக்க ஆளில்லாத பாடசாலைக்கும் அதனால் நட்டம் வராது.

வயதைப் பற்றி இன்னும் ஒன்று. வயதை எந்தத் திகதியில் கணக்கிடுகிறார்கள் என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும். சர்வதேச விதி பிறந்த ஆண்டைத்தான் பார்க்கும். அந்த ஆண்டுக்குள் எப்போது பிறந்தநாள் வந்தாலும் சரி. மூத்தோர் பிரிவில் போட்டியிடப் பெண்களுக்கு அந்த ஆண்டில் 16 நிறைய வேண்டும், இது 1997-இலிருந்து இருக்கும் விதி. நாடியாவின் வயதில் இன்று யாரும் ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. பாடசாலைப் போட்டிகளுக்குச் சுற்றுநிருபத்தில் ஒரு திகதி குறித்திருப்பார்கள். கழகங்கள் தங்கள் விருப்பப்படி வேறு திகதி வைக்கலாம். மகள் ஒரு போட்டியில் சின்னப் பிரிவிலும் இன்னொன்றில் பெரிய பிரிவிலும் விழ இது போதும். பிறப்புச் சான்றிதழின் பிரதியை எப்போதும் கையில் வைத்திருங்கள். பதிவுத் தாளில் திகதி பிழையாக எழுதப்பட்டு, பிள்ளை மைதானம் வரை வந்து திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

உபகரண விஷயத்துக்கு வருவோம். பெண்களுக்கு வோல்ட், அன்ஈவன் பார் (உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள்), பீம் (மேலே நடந்து ஆடும் ஒடுங்கிய நீளக் கட்டை), புளோர் என்று நான்கு. ஆண்பிள்ளைகளுக்கு ஆறு. ஆனால் எல்லாப் போட்டியிலும் எல்லாம் இருக்காது. நம் பக்கத்தில் ஆரம்ப மட்டப் போட்டி என்றால் பெரும்பாலும் புளோரும் வோல்ட்டும்தான், சில இடங்களில் பீமும் சேரும். நான்கையும் கூட்டி ஒட்டுமொத்த இடம் தரும் போட்டியில், பாரைத் தொட்டே பார்க்காத பிள்ளை பின்னுக்குப் போவது நிச்சயம். ஒரு உபகரணத்தில் மட்டும் பங்கேற்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் சம்மதிப்பார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. விதிப்படி புளோர் என்றால் 12 மீற்றருக்கு 12 மீற்றர், அடியில் ஸ்பிரிங், மேலே நுரை, அதன் மேல் கம்பளம். நம் மண்டபத்தில் அது சீமெந்துத் தரையில் நீளவாக்கில் போட்ட மெத்தைகள். மெத்தையில் பழகிய பிள்ளை ஸ்பிரிங் தளத்தில் முதல்முறை ஏறினால், தளம் அவளை எதிர்பாராத அளவுக்குத் தூக்கிவிடும். கைகள் பிந்தும், இறங்கும்போது ஓரடி ஈரடி முன்னால் போகும். அந்த அடிகளுக்கெல்லாம் கழிவு. கொழும்பில் மகளுக்கும் இது நடந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். போட்டிக்கு முந்திய நாளோ, அன்று காலையோ பழகுவதற்கு நேரம் தருகிறார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். பெரிய போட்டிகளில் புளோரில் ஒரு பிள்ளைக்கு 30 விநாடிதான் பழகக் கொடுப்பார்கள். புதுத் தளத்துக்கு அது காணாது. பீமும் அப்படித்தான்: அகலம் எல்லா இடத்திலும் 10 சென்ரிமீற்றர், ஆனால் விதிப்படி உயரம் 125 சென்ரிமீற்றர். சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்த்தி வைப்பார்கள், சில இடங்களில் தரையிலேயே வைப்பார்கள். தரையில் பழகிய பிள்ளையை நேராக 125-இல் ஏற்றக்கூடாது.

அப்புறம் நம் காலநிலை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலத்தில் கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்க மண்டபங்களில் மெத்தை ஈரம் இழுத்துக்கொள்ளும், உறை வழுக்கும். நுவரெலியாவில் ஜனவரி காலையில் கைகால் சூடேறவே நேரம் எடுக்கும். அந்தக் குளிரில் பத்து நிமிடம் ஓடாமல், மணிக்கட்டும் கணுக்காலும் சூடேறாமல் பிள்ளையை இறக்கினால் சதை பிடித்துக்கொள்ளும். கொழும்பில் எதிர்மாறு: வியர்வையில் உள்ளங்கை வழுக்கும், கையில் பூசும் சோக் தூள் அதிகம் வேண்டும், தண்ணீரும் அதிகம் வேண்டும். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போய் அதே காலையில் ஆடும் பிள்ளைக்கும், வீட்டில் தூங்கி எழுந்து வரும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நடுவரும் கணக்கில் எடுக்க மாட்டார். நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

மெத்தை மிக மெல்லியதாக இருந்தால், இடைவெளி விட்டு அடுக்கியிருந்தால், ஈரமாக இருந்தால், ஆட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் டீச்சருக்கும் முழு உரிமை உண்டு. கட்டணம் கட்டியாயிற்றே என்று பார்க்காதீர்கள். வளரும் பிள்ளையின் மணிக்கட்டிலும் குதிகாலிலும் எலும்பு வளரும் இடம் மென்மையாக இருக்கும். மீண்டும் மீண்டும் அடிபட்டால் நீண்ட நாள் வலி தரும். வலி என்று மகள் சொன்னால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். ஓய்வு எடுத்தும் வலி திரும்பி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மெலிய வேண்டும் என்று யாராவது சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால், அந்த ஆளிடமிருந்து பிள்ளையை விலக்கிவிடுங்கள்.

நடுவர்களைப் பற்றி, நானும் ஒருவர் என்பதால், வெளிப்படையாகவே சொல்கிறேன். பெரிய போட்டியில் டி ஸ்கோருக்கு ஒரு குழு, ஈ ஸ்கோருக்கு ஒரு குழு இருக்கும். ஈ ஸ்கோரில் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுப்பார்கள். ஆரம்ப மட்டத்தில் ஒருவரோ இருவரோ எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒரு நடுவர் இறுக்கமாகப் போடுவார், இன்னொருவர் தாராளமாகப் போடுவார். அன்று முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் போட்டால் இடவரிசை நியாயமாகவே அமையும். அதனால் சின்னப் போட்டியில் புள்ளியைவிட இடத்தை நம்பலாம். ஆனால் அந்த இடமும் அன்று வந்த பிள்ளைகளுக்குள்தான். புள்ளியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பயிற்றுவிப்பாளர் மட்டும், உடனடியாக, டி ஸ்கோரைப் பற்றி மட்டும் விசாரிக்கலாம் என்பது சர்வதேச விதி. இன்னொரு பிள்ளையின் புள்ளியைக் கேள்வி கேட்க முடியாது. பெற்றோர் நடுவர் மேசைக்கு வருவது எங்குமே ஏற்கப்படாது. டீச்சர் மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

கண்டி விழாவின் தங்கத்தை யாராவது குறைத்துப் பேசினால் காதில் வாங்காதீர்கள். அந்த மாதிரி விழாக்களில் பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. இத்தனை புள்ளிக்கு மேல் எடுத்தால் தங்கம், அடுத்த எல்லைக்கு வெள்ளி என்று முன்னரே வைத்திருப்பார்கள். எல்லையைத் தாண்டிய எல்லோருக்கும் தங்கம். அவள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறாள். இடமே பார்க்காத ஜிம்னாஸ்டிக்கும் உலகத்தில் மதிப்போடு நடக்கிறது: உலக ஜிம்னஸ்ட்ராடா என்ற பெருவிழா 1953-இல் ரொட்டர்டாமில் தொடங்கியது, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிறது, அதில் யாருக்கும் முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. முதன்முதலில் போட்டி மேடைக்கு வரும் பிள்ளைக்கு இப்படியான விழாவைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

உடுப்பைப் பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். காலை கணுக்கால் வரை மூடும் ஒரே துண்டு உடுப்பை சர்வதேச விதி அனுமதிக்கிறது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மன் பெண்கள் அணி அப்படி மூடிய உடுப்பில்தான் ஆடியது. புள்ளியில் எந்தக் குறைவும் இல்லை. உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் அவசியம்; தொளதொளத்த உடுப்பு கையில் காலில் மாட்டும், ஆபத்து. உள்ளூர்ப் போட்டிகளுக்கு அவரவர் விதி இருப்பதால் பதிவு செய்யும்போதே டீச்சர் எழுத்தில் கேட்டு வைக்கட்டும். அதே டோக்கியோவில்தான் மில்கா கெஹானி, ஒலிம்பிக்கில் ஆடிய இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆனார். அதற்கு முன் 2018-இல் புவனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கிலும் அவர் ஆடியிருந்தார். மகளிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

இனி அடுத்த வருடம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாடசாலைப் போட்டிகளைத்தான் முதுகெலும்பாக வைப்பேன். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போகும் அந்தப் பாதையில் செலவு குறைவு, டீச்சரும் கூடவே இருப்பார். சான்றிதழுக்கும் பிற்காலத்தில் பெறுமதி உண்டு. தேசிய மட்டத்தில் விளையாட்டில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி ஏற்பாடு இருக்கிறது. மாகாணத்துக்குப் போகும்போது கண்டி நகரப் பாடசாலைகளின் பிள்ளைகளைச் சந்திப்பாள். அங்கும் இடம் இறங்கலாம், இப்போதே சொல்லி வையுங்கள். கண்டி விழாவுக்கும் அனுப்புங்கள். கொழும்புக்கு அடுத்த வருடம் வேண்டாம். கட்டாய ஆட்டமோ ஆரம்பநிலைப் பிரிவோ இருந்து, முந்திய நாள் பழக இடமும் தங்க இடமும் தருகிறார்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் கடன் வாங்காதீர்கள். அந்தக் காசுக்குப் பாடசாலைப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு நல்ல மெத்தை வாங்கினால் வருடம் முழுவதும் பல பிள்ளைகள் பழகலாம்.

அழைப்பிதழ் வந்தால், எந்த வகை ஜிம்னாஸ்டிக் என்பதை முதலில் பாருங்கள். வளையம், பந்து, நாடாவோடு 13 மீற்றர் சதுரத்தில் ஆடும் ரிதமிக் வேறு, ஏரோபிக் வேறு. மகள் பழகுவது ஆர்ட்டிஸ்டிக். பெயர் தெரியாமல் பதிந்துவிட்டுக் கட்டணத்தை இழந்தவர்கள் உண்டு.

"நான் நல்லா செய்றேனா?" என்ற கேள்விக்கு அவளிடம் கழிவுக் கணக்கையே காட்டுங்கள். இந்த வருடம் 1.9 கழிந்தது என்று வைத்தோம். உண்மையான எண் டீச்சரிடம் இருக்கும் புள்ளித் தாளில் கிடைக்கும். அடுத்த வருடம் அதே வலயப் போட்டியில், அதே விதியில், அதே ஆட்டத்தில் அது 1.5-க்கு வந்தால் அவள் முன்னேறியிருக்கிறாள். முதலிடம் கிடைத்தாலும் சரி, ஐந்தாமிடம் கிடைத்தாலும் சரி. எங்கே கழிந்தது என்பதை டீச்சரிடம் கேட்டு, இரண்டே இரண்டு பிழைகளை மட்டும் எடுத்து மூன்று மாதம் வேலை செய்யட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முழங்காலும் பாதமும்தான். அவற்றை வீட்டில், சுவரோரம் நின்றும் பழகலாம்.

போட்டி விதித்தாள் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால், முதலில் ஏற்பாட்டாளர்களிடம் தமிழில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். புள்ளி முறை, பிரிவு, வயதுத் திகதி, உபகரணம், உடுப்பு ஆகிய ஐந்தையும் தமிழில் எழுதித் தருகிறேன்.